ஆசிரியரின் பாஸ்வேர்டும் வாடகைக்குக் கேட்ட வங்கிக் கணக்கும்

நீடாமங்கலம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் தந்தை ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. பதினோராம் வகுப்பு படிக்கும் அவருடைய மகன், ஓர் ஆசிரியரின் பாஸ்வேர்டைக் கொண்டு பள்ளியின் இணைய மதிப்பெண் பதிவேட்டுக்குள் நுழைந்து, நண்பர்கள் இருவரின் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைத் திருத்திவிட்டான். தலைமையாசிரியர் தந்தையை வரவழைத்து, கண்டித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். வீட்டிலோ இரண்டு கட்சி. “இந்த மாதிரிப் பையன்களால்தான் நாட்டில் சைபர் குற்றம் பெருகிவிட்டது” என்கிறார் தாய்மாமன். “இவன் ஒரு நாள் லட்சம் லட்சமாகச் சம்பாதிப்பான்” என்கிறார் சித்தப்பா. இவர்களில் யார் சொல்வது சரி, லேப்டாப்பைப் பிடுங்கி வைக்கலாமா என்பது தந்தையின் கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றையும் அவர் எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் சீனியர் ஒருவன், உதவித்தொகைக்காகத் திறந்த மகனின் வங்கிக் கணக்கை ஒரு மாதத்துக்குக் கேட்டிருக்கிறானாம், கமிஷனும் தருவானாம்.

ஐயா, பாஸ்வேர்டு சமாச்சாரம்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. என் தூக்கத்தைக் கெடுத்திருக்கக்கூடியது அந்தக் கடைசி வரி. நான் பல ஆண்டுகள் வங்கியொன்றின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கும்பகோணத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அதையே பாடமாக நடத்துகிறேன். வழக்கறிஞன் அல்லேன், சட்டத்தைப் பற்றி நான் எழுதுவது கோப்புகளோடு பழகியதால் தெரிந்தது, நீதிமன்றத்தில் வாதாடித் தெரிந்ததன்று. உங்கள் மகனை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே அவன் எப்படிப்பட்டவன் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு இடமில்லை.

முதலில் தாய்மாமன் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன். பதின்பருவப் பிள்ளைகள் பெரிய இடங்களுக்குள் புகுந்த கதை புதிதன்று. 1983-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து இளைஞர்கள் சிலர், அந்த ஊரின் தொலைபேசிக் குறியீடான 414 என்ற எண்ணையே தங்கள் குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டு, அணுகுண்டு ஆராய்ச்சிக்குப் பெயர்போன லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் கணினி உட்படப் பல கணினிகளுக்குள் நுழைந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கனடாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் யாஹூ, ஈபே, அமேசான், சிஎன்என் தளங்களை அடுத்தடுத்துத் திணறடித்தான். 2020 ஜூலையில் ஒபாமா, பில் கேட்ஸ், எலான் மஸ்க் ஆகியோரின் ட்விட்டர் கணக்குகளிலிருந்து பிட்காயின் கேட்டுப் பதிவுகள் வந்தனவே, அதன் மூளை ஃபுளோரிடாவில் இருந்த 17 வயதுப் பையன்.

இந்த வழக்குகளை வரிசையாகப் படிக்கிற எவருக்கும் ஒன்று புலப்படும். திரைப்படத்தில் காட்டுவதுபோலப் பச்சை எழுத்துகள் ஓடும் திரைக்கு முன்னால் இவற்றில் பெரும்பாலானவை நடக்கவில்லை. 1983-இல் திறந்துகொண்ட கதவுகளில் பல, தயாரித்த நிறுவனம் வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டவை. ட்விட்டரில் நடந்தது, ஊழியர்களைத் தொலைபேசியில் அழைத்து நிறுவனத்தின் ஆட்கள்போலவே பேசி, அவர்களுடைய நுழைவு விவரங்களைக் கறந்தது. 2016-இல் உலகத்தையே கலங்கடித்த ‘மிராய்’ என்ற நிரலை எழுதியவர்கள் இருபதை ஒட்டிய வயதுடைய மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களுக்கு இடையேயான வியாபாரப் போட்டியில் அது முளைத்தது. வீட்டுக் கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் ஆலையிலிருந்து வந்தபடியே இருந்த சுமார் 60 பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் அதன் முழுத் தந்திரம். அவர்கள் மூலநிரலை இணையத்தில் வெளியிட்டுவிட, அந்த அக்டோபரில் வேறு யாரோ அதே வழியில், இணையதளங்களின் பெயரை முகவரியாக மாற்றிக் காட்டும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்க, பல மணி நேரம் ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் தடுமாறின. உங்கள் மகன் பாஸ்வேர்டை எப்படி அறிந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. ஆசிரியர் தட்டச்சு செய்ததைப் பின்னால் நின்று பார்த்திருப்பான், அல்லது பள்ளியின் பெயரையும் 123-ஐயும் சேர்த்துப் போட்டுப் பார்த்திருப்பான் என்று நான் ஊகிக்கிறேன். அதற்கு மேதைமை வேண்டியதில்லை. சித்தப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பிரிட்டனின் தேசியக் குற்றத் தடுப்பு முகமை, தன் விசாரணைகளில் சிக்கிய சைபர் குற்றச் சந்தேக நபர்களின் சராசரி வயது 17 என்று 2017-இல் சொன்னது. அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம், பள்ளிகளுக்கு உள்ளிருந்தே நடந்த 215 தரவு மீறல்களை ஆராய்ந்து, அவற்றில் 57 விழுக்காடு மாணவர்களால் நடந்தவை என்று 2025-இல் சொன்னது. இரண்டும் உண்மையான எண்கள்; ஆனால் தாய்மாமன் சொல்வதற்கு அவை சான்றாகா. முதல் எண், கணினிகளை உடைத்து நுழையும் வகைக் குற்றங்களில், அதுவும் பிடிபட்டவர்களைப் பற்றியது. சின்னப் பிள்ளைகள் சாதித்ததை நாலு பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொள்வதால் எளிதில் சிக்குகிறார்கள். கைதேர்ந்தவன் வாயைத் திறப்பதில்லை. இரண்டாவது எண் பள்ளிக்கூடத்துக்குள் நடப்பதைப் பற்றியது. பள்ளிக்கு உள்ளேயிருந்து மாணவன் கை வைக்காமல் வேறு யார் கை வைப்பார்?

நம் நாட்டில் பெருகியிருப்பது வேறு சரக்கு. இணையவழிக் குற்றங்களைப் பதிவு செய்யும் தேசியத் தளத்துக்கு 2022-இல் வந்த புகார்கள் சுமார் 10.29 லட்சம், 2024-இல் 22.68 லட்சம். மக்கள் இழந்த தொகை 2023-இல் சுமார் 7,465 கோடி ரூபாயாக இருந்து, 2024-இல் 22,845 கோடியைத் தொட்டதாக மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. புகார் எண்ணிக்கை கூடியதில் 1930 என்ற உதவி எண் பரவலாகத் தெரியவந்ததற்கும் பங்குண்டு என்பதால், எண் இரட்டித்தது என்பதற்காகக் குற்றமும் அச்சாக இரட்டித்தது என்று சொல்ல மாட்டேன். தொகை மும்மடங்கானதை அப்படித் தள்ளிவிட முடியாது. பங்குச் சந்தையில் பணம் பெருக்கித் தருகிறோம் என்ற வாட்ஸ்அப் குழு, ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோ அழைப்பில் போலீஸ் சீருடையோடு மிரட்டுகிறவன், பி.எம். கிசான் தவணைக்குப் பதிவு செய்யச் சொல்லி வரும் ஏபிகே கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) என்று இந்தப் பணம் போகும் வழிகளில் பெரும்பாலானவற்றில் எந்தக் கணினியின் பூட்டும் உடைபடுவதில்லை. பணத்தின் உரிமையாளரே அஞ்சியோ ஆசைப்பட்டோ தன் கையால் அனுப்புகிறார்.

இது வளர்ந்ததற்கான காரணங்களில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. 2016-இல் யுபிஐ வந்தது. அதே ஆண்டில் மலிவான டேட்டா வந்தது. கைபேசியிலிருந்தே நொடிகளில் பணம் கணக்கு மாறுவது எல்லோருக்கும் எளிதானது. கொரோனாக் காலத்துக்குப் பின் மியான்மரின் மியாவாடி, கம்போடியா, லாவோஸ் பகுதிகளில் வேலியடைத்த வளாகங்களுக்குள் மோசடியே முழுநேரத் தொழிலாக நடக்கிறது. தகவல் உள்ளீட்டு வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜெண்டு சொன்னதை நம்பி விமானம் ஏறிய தமிழ் இளைஞர்கள் அங்கே சிக்கி, 2022-இல் மீட்கப்பட்டு வந்தார்கள். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் தலைமுறைகளாக ஆள் அனுப்பும் நம் பக்கத்து ஊர்களில், இந்தக் குற்றத்தின் முகம் கறுப்புக் குல்லாய் அணிந்த பையனாக வராது. ஏஜெண்டாக வரும், இல்லையென்றால் கமிஷன் பேசும் சீனியராக வரும்.

ஏமாற்றிப் பெற்ற பணம் ஏதாவதொரு வங்கிக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். ஏமாற்றியவன் தன் பெயரில் உள்ள கணக்கில் அதை வாங்கமாட்டான். ஆகவே அவனுக்கு ஓயாமல் தேவைப்படுவது பிறர் பெயரில் உள்ள, பழைய பரிவர்த்தனைகள் சில உள்ள, கறையில்லாத கணக்குகள். இவற்றை ‘மியூல்’ கணக்கு என்கிறார்கள்; வாடகைக் கணக்கு என்றால் நமக்குப் புரியும். பேரத்தில் கேட்பது கணக்கு எண்ணை மட்டுமன்று. பாஸ்புக், ஏடிஎம் அட்டை, அதன் பின் எண், நெட்பேங்கிங் பாஸ்வேர்டு, அந்தக் கணக்கோடு இணைந்த சிம் என்று முழு செட்டாகக் கேட்பார்கள். சிம்மைத் தர மறுத்தால், வரும் ஓடிபியை அப்படியே வேறு எண்ணுக்குத் தள்ளிவிடும் செயலி ஒன்றை உங்கள் பையன் கைபேசியிலேயே நிறுவச் சொல்வார்கள். ஒரு நாள், எங்கோ ஒரு ஊரில் ஓய்வுபெற்றவர் ஒருவர் அனுப்பிய லட்சங்கள் உள்ளே வரும். தலைமடையில் திறந்த தண்ணீர் கிளை வாய்க்கால்களில் பிரிவதுபோல, அது சில நிமிடங்களில் ஐந்தாறு கணக்குகளுக்கும் அங்கிருந்து இன்னும் பலவற்றுக்கும் பிரிந்து, கடைசியில் ஏடிஎம்மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடும். பையனுக்குக் கிடைப்பது சில ஆயிரம். போலீஸின் கைக்கு முதலில் கிடைப்பதும் அந்தப் பையன்தான். தொடக்கக் கணக்கில் இருப்பது அவன் பெயர், அவன் ஆதார், அவன் புகைப்படம்.

கணக்கு வாடகை இப்படிச் சிறுவர்கள் வரை இறங்கி வந்ததற்கு ஒரு வசதியும் துணை. பள்ளி உதவித்தொகைக்காகக் கணக்குத் திறப்பது வழக்கமாகிவிட்டது; 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கைத் திறந்து இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் விதிகளைத் தெளிவாக்கியது. நல்ல நோக்கந்தான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை உதவித்தொகை வந்துபோகும் கணக்கின் மீது குடும்பத்தில் யாருக்கும் கண் இருப்பதில்லை.

ஏமாந்தவர் 1930-க்கு அழைத்தவுடன், பணம் போன பாதையில் உள்ள கணக்குகளை வங்கிகள் முடக்கத் தொடங்கும். சில நேரம் சர்ச்சைக்குரிய தொகை மட்டும் நிறுத்தப்படும். சில நேரம் கணக்கே நின்றுபோகும். மகன் அதிலிருந்து ஐயாயிரத்தை உங்கள் கணக்குக்கு அனுப்பியிருந்தால் அந்தக் கை உங்கள் கணக்கின் மேலும் விழலாம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முடக்கச் சொன்ன காவல் நிலையம் குஜராத்திலோ தெலங்கானாவிலோ இருக்கும். தடையை நீக்க அங்கேதான் எழுத வேண்டும். இப்படி மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களை வங்கியில் இருந்தபோது எதிர்மேசையில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். பெரும்பாலானவர்களின் முதல் வாக்கியம் ஒன்றே: “பையன் கணக்கைத்தானே கொடுத்தான் சார், திருடவில்லையே.”

சட்டம் இதை அவ்வளவு லேசாகப் பார்ப்பதில்லை. இரண்டு செயல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்து தரவை மாற்றுவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43, 66 பிரிவுகளிலும், பிறருடைய பாஸ்வேர்டைத் தீய நோக்கத்தோடு பயன்படுத்துவது 66சி பிரிவிலும் வரும், இவற்றுக்கு மூன்றாண்டு வரை சிறை, அபராதம் உண்டு, பிணையில் விடக்கூடியவை. மதிப்பெண்ணைத் திருத்தியதற்குப் போலி மின்னணு ஆவணம் என்ற பிரிவைச் சேர்க்க முடியுமா என்பது வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. மோசடிக்குத் துணைபோனால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை போகும். உங்கள் மகனுக்கு 18 வயது நிறையவில்லை என்பதால் எதுவானாலும் அவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்தப்படுவான். ஒரு நீதித்துறை நடுவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்ட அமர்வு அது. சிறுவர் செய்தது கொடுங்குற்றம் அல்லாதபோது முதல் தகவல் அறிக்கை போடாமல் காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்து விசாரிக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில் உள்ளது. அதே விதியில் ஒரு விலக்கும் உண்டு: பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதியலாம். பாஸ்வேர்டு விஷயத்தில் அவன் தனி ஆள். கணக்கு விஷயத்தில் 18 கடந்த சீனியரும், அவனுக்கு மேலே முகம் தெரியாத யாரோவும் இருக்கிறார்கள். தெரியாமல் கொடுத்தான் என்று வாதாட இடமுண்டு. கமிஷன் வாங்கியிருந்தால் அந்த வாதம் நொண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கணினியில் கைவந்த பிள்ளை வழுக்கி விழும் இன்னொரு பள்ளம், வகுப்புத் தோழியின் படத்தைச் செயலியில் போட்டு ஆபாசமாக மாற்றுவது. 18 வயதுக்குக் குறைந்தவரின் அத்தகைய படத்தை உருவாக்குவதும் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறைக்குரியவை. போக்சோ சட்டமும் சேரலாம். விளையாட்டுக்குச் செய்தேன் என்ற பேச்சு அங்கே எடுபடாது. மகனிடம் நேராகவே பேசிவிடுங்கள்.

இனி லேப்டாப். பிடுங்கி வைப்பதால் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் லாப்சஸ் என்ற குழுவைச் சேர்ந்த பதின்பருவ இளைஞன் ஒருவனைப் பிணையில் ஒரு விடுதியில் தங்கவைத்து, லேப்டாப்பையும் வாங்கி வைத்திருந்தார்கள். அறையில் இருந்த தொலைக்காட்சி, அதில் செருகி இணையம் பார்க்கும் அமேசான் ஃபயர் ஸ்டிக், ஒரு கைபேசி இவற்றை வைத்துக்கொண்டே 2022-இல் ராக்ஸ்டார் என்ற விளையாட்டு நிறுவனத்துக்குள் புகுந்தான் அவன். அது அரிதினும் அரிது. உங்கள் மகனை அவனோடு ஒப்பிடவில்லை. ஆனால் கருவியைப் பறித்தால் பழக்கம் போகும் என்பது சரியான கணக்கன்று என்பதற்கு அது போதும். தவிர, வீட்டில் லேப்டாப் இல்லாவிட்டால் அவன் அந்தச் சீனியரின் அறைக்குத்தான் போவான்.

நெதர்லாந்துக் காவல்துறை முதன்முறை பிடிபடும் இளைஞர்களுக்கு ‘ஹேக் ரைட்’ என்றொரு திட்டம் நடத்துகிறது. பாதிக்கப்பட்டவரை நேரில் பார்க்கவைத்து, கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தில் வழிகாட்டியின் கீழ் வேலை செய்யவைக்கிறார்கள். இத்தகைய திட்டங்களால் மறுபடி தவறு செய்வது எவ்வளவு குறைகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் முடிவான கருத்து இல்லை. பங்கேற்பவர்கள் ஏற்கெனவே திருந்த விரும்புகிறவர்களாக இருக்கலாம். என் அனுபவத்தில், நுழையும் ஆர்வம் உள்ளவனுக்கு நுழைய அனுமதி உள்ள இடத்தைக் காட்டினால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறான். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் பிக்கோ சிடிஎஃப் என்ற இணையவழிப் போட்டி இலவசம். உடைப்பதற்கென்றே செய்துவைத்த புதிர்கள் அதில் உண்டு. ஒரு மாதம் அதில் உட்காரட்டும். உண்மையான ஆர்வமா, நண்பர்களிடம் பெயர் வாங்கும் ஆசையா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

சித்தப்பா சொல்லும் லட்சங்களிலும் உண்மை இல்லாமல் இல்லை. சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா, இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மீட்க வரும் ஆறிலக்க எண்ணில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னதற்கு 2019-இல் ஃபேஸ்புக் 30,000 டாலர் கொடுத்தது. ஆறிலக்கம் என்றால் பத்து லட்சம் சாத்தியங்கள். எண் பத்து நிமிடத்தில் காலாவதியாகும். ஆயிரம் இணைய முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு லட்சம் எண்களை முயன்று பார்த்தும் தளம் தடுக்கவில்லை என்று காட்டினார். அவர் கணக்கு எதையும் பறிக்கவில்லை. பரிசுத் திட்டம் அறிவித்திருந்த நிறுவனத்திடம், அதன் விதிகளுக்கு உட்பட்டு, அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அப்படி அறிவிக்காத பள்ளி, கூட்டுறவுச் சங்கம், அரசு அலுவலகத் தளங்களில் ‘நல்லெண்ணத்தோடு’ நுழைந்து பார்ப்பது ஆபத்து. 43-ஆம் பிரிவு உரிமையாளரின் அனுமதியைத்தான் கேட்கிறது, நுழைந்தவனின் எண்ணத்தைக் கேட்பதில்லை. தற்செயலாக ஓட்டை கண்ணில் பட்டால், அதற்கு மேல் தோண்டாமல், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதலாம். பரிசுப் பணத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலர் என்பதையும் சித்தப்பா காதில் போடுங்கள்.

பள்ளி விஷயத்தில், எழுதிக் கொடுத்ததோடு விடாமல், எந்த வழியாக நுழைந்தான் என்பதை மகனையே தலைமையாசிரியர் முன் விளக்கச் சொல்லுங்கள். வேறு யாருக்காவது அந்தப் பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை நாளை என்று தள்ளாதீர்கள். அட்டையும் சிம்மும் அவன் கையில்தான் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். சொல்வதை நம்பி விடாதீர்கள். கைபேசியில் புதிதாக நிறுவிய செயலிகளில் எதற்காவது குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தக் கைபேசியில் வங்கி வேலை எதுவும் செய்யாமல் நிறுத்துங்கள். அந்தச் செயலியை உடனே அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சீனியரோடு பேசிய உரையாடலையும் அப்படியே. பிறகு கிளைக்குப் போய் மூன்று மாதப் பரிவர்த்தனைப் பட்டியலை வாங்குங்கள். ஏதும் இல்லையென்றால் பின் எண்ணையும் நெட்பேங்கிங் பாஸ்வேர்டையும் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். தெரியாத வரவு ஒன்று இருந்தால் அதை எடுக்கவும் வேண்டாம், “தவறி வந்துவிட்டது, திருப்பி அனுப்பு” என்று யாராவது சொன்னால் அந்த எண்ணுக்கு அனுப்பவும் வேண்டாம். திருப்பி அனுப்புவதும் அவர்கள் பாதையில் ஒரு கண்ணிதான். கிளை மேலாளரிடம் தேதியிட்டு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலோடும் ஸ்கிரீன்ஷாட்டுகளோடும் மகனையும் அழைத்துக்கொண்டு, முடிந்தால் ஒரு வழக்கறிஞரையும் உடன் வைத்துக்கொண்டு, திருவாரூர் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குப் போங்கள். வேறு மாநிலத்திலிருந்து நோட்டீஸ் வந்த பிறகு போவதற்கும், வருவதற்கு முன்னால் நீங்களே போவதற்கும் விசாரிக்கிறவர் பார்வையில் வேறுபாடு உண்டு.